தோபா ஏரியும் தமிழர் தடமும்

மலாக்கா நகரை அடுத்த பத்து பெரண்டாம் என்னும் ஊரின் பெயர் மலாய் மொழியில் எளிய பொருளுடையது. ‘பத்து’ என்றால் கல். ‘பெரண்டாம்’ என்றால் நீரில் ஊறிக் கிடத்தல். ஊறிக் கிடக்கும் கல் என்பது ஊர்ப்பெயரின் பொருளாகிறது. அவ்வூரிலிருந்து மேற்கு நோக்கி ஒரு கோடு இழுப்போமானால், அது மலாக்கா நீரிணையையும் சுமத்திராவின் தாழ்நிலங்களையும் கடந்து, ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தொலைவில், சற்றே வடக்காக, ஒரு மலையேரியைச் சென்று தொடும். அங்கும் நீருக்கடியில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த கல் ஒன்று உண்டு. இன்று அது நீரைவிட்டு மேலெழுந்து, சிங்கப்பூரைவிடச் சிறிதே குறைந்த பரப்புடைய தீவாக நிற்கிறது. அவ்வேரியின் பெயர் தோபா. அத்தீவின் பெயர் சமோசிர்.

தோபா ஏரியின் அழகைக் காணச் செல்வோர் பலர். அதன் வரலாற்றை அறிந்து மீள்வோர் சிலரே. அவ்வரலாறு மலாக்காத் தமிழருக்கு அயலானதன்று. அவ்வேரி பிறந்தபோது எழுந்த சாம்பல் பேராக் மண்ணிலும் தென்னிந்திய மண்ணிலும் ஒருங்கே கிடக்கிறது. அவ்வேரியைச் சூழ்ந்த மலைநாட்டில் சோழ பாண்டியப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அவ்வேரியை முதன்முதல் கண்ட ஐரோப்பியரோ மலாக்காவிலே பிறந்தவர். இம்மூன்றையும் முறையாக நோக்குதல் பயனுடைத்து.

ஏரியின் தோற்றம்

மலேசியாவிலிருந்து செல்வோர் பெரும்பாலும் மேடான் நகரில் இறங்குவர். அங்கிருந்து தெற்கே செல்லும் வழிகளுள் ஒன்று பிரஸ்தாகி, கபன்ஜாகே ஆகிய ஊர்களைக் கடந்து காரோ மேட்டுநிலத்தின் வழியே செல்வது. சாலையின் இருமருங்கும் காய்கறித் தோட்டங்களும் ஆரஞ்சுத் தோட்டங்களும் காணப்படும். மண் கருமையும் வளமும் உடையது. எரிமலை தந்த வளம் அது. அவ்வளத்திற்கு விலையும் உண்டு. நானூறு ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த சினாபோங் எரிமலை 2010-ஆம் ஆண்டில் விழித்துக்கொண்டது. அதன் பின்னர் அம்மலையடியில் வாழ்ந்த பல சிற்றூர்களின் மக்கள் தம் நிலத்தைவிட்டுப் பெயர நேர்ந்தது.

மேட்டுநிலம் திடீரென ஓரிடத்தில் முடிவுறுகிறது. அவ்விளிம்பில் சிப்பிசோ பிசோ என்னும் அருவி ஏறத்தாழ 120 மீட்டர் ஆழத்திற்கு நேர்கீழாக வீழ்கிறது. அதற்கப்பால், செங்குத்தான மலைச்சுவர்களுக்கு நடுவே, கடலோ எனக் கருதுமாறு நீர் விரிந்து கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அகலம் 30 கிலோமீட்டர். நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மிக ஆழமான இடம் 500 மீட்டருக்கும் மேற்பட்டது. மலைமேல் இத்துணை ஆழமா என்று வியவாதார் இலர்.

இவ்வாழம் வெறும் வியப்பிற்குரியதன்று. 2018-ஆம் ஆண்டு சூன் மாதம் 18-ஆம் நாள், அளவுக்கு மிஞ்சிய பயணிகளை ஏற்றிச் சென்ற சினார் பங்குன் என்னும் படகு இவ்வேரியில் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காணாமற் போயினர். படகு கிடந்த இடம் ஏறத்தாழ 450 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்ட பின்னும் அதனை மேலே கொணர இயலவில்லை. ஏரியின் அமைதி ஒரு தோற்றமே என்பதனைக் கரையில் வாழ்வோர் நன்கறிவர்.

அம்மக்கள் ஏரி பிறந்த வகைக்கு ஒரு கதை கூறுவர். உழவன் ஒருவன் பொன்னிற மீன் ஒன்றைப் பிடித்தான். அது பெண்ணுருக் கொண்டு அவனுக்கு மனைவியாயிற்று. தன் பிறப்பை யாரிடமும் சொல்லலாகாது என்று அவள் உறுதி வாங்கினாள். மகன் பிறந்தான். ஒருநாள் தந்தைக்குக் கொண்டுசென்ற உணவைச் சிறுவன் வழியிலேயே உண்டுவிட்டான். பசியோடிருந்த தந்தை சினந்து, மீனுக்குப் பிறந்தவனே என்று வைதான். அச்சொல் வாயினின்று வீழ்ந்ததும் நிலம் பிளந்து நீர் பொங்கியது, வயல் ஏரியாயிற்று. கட்டிக் காத்த வாக்கு உடைந்தமையால் நிலம் உடைந்தது என்பது கதையின் கருத்து. நிலம் உடைந்தது என்பதளவில் இக்கதையும் நிலநூலும் ஒன்றுபடுகின்றன.

நெருப்பு குடைந்த கிண்ணம்

இந்தியப் பெருங்கடலின் அடித்தளப் பாறைத் தட்டு சுமத்திராவின் கீழே மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. அவ்வாறு நுழையும் தட்டு நீரையும் உடன்கொண்டு செல்கிறது. ஆழத்தில் அந்நீர் வெளிப்பட்டு, மேலே உள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறை குழம்பாகி மேலேறித் தங்குகிறது. சுமத்திராவின் நெடுகிலும் எரிமலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

தோபாவில் அக்குழம்பு ஒரு மலையளவில் நில்லாது, பரந்த நிலப்பகுதியின் அடியில் பெருந்தேக்கமாகத் திரண்டது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்னர் அது வெடித்தது. அங்கு அதற்கு முன்னரும் பெருவெடிப்புகள் நிகழ்ந்ததுண்டு. ஆயினும் இதுவே யாவற்றினும் பெரிது. வெளிப்பட்ட குழம்பின் அளவு ஏறத்தாழ 2,800 கன கிலோமீட்டர் என ஆய்வாளர் மதிப்பிடுவர். 1883-இல் உலகையே நடுங்கச் செய்த கிரக்கத்தோவா வெடிப்பு இதனோடு ஒப்பிடின் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

உள்ளே இருந்த குழம்பு வெளியேறியதும் மேற்கூரையாக இருந்த நிலம் தாங்குவாரற்று உள்ளே சரிந்தது. இவ்வாறு உண்டான பெரும்பள்ளமே இன்றைய ஏரிப்படுகை. அதில் மழைநீர் தேங்கியது. ஒல்லாந்து நாட்டு நிலநூலறிஞர் வான் பெம்மலன் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சுற்றுப்புறப் பாறைகளை ஆராய்ந்து, இது சாதாரண ஏரியன்று, எரிமலைச் சரிவால் உண்டானது என்று எடுத்துரைத்தார்.

வெடிப்போடு கதை முடியவில்லை. எஞ்சிய குழம்பு மீண்டும் கீழிருந்து அழுத்தியது. ஏரியின் அடித்தளத்தில் ஒரு பகுதி, கதவு ஒருபுறம் தூக்கப்படுவது போல, சாய்வாக மேலே எழுந்தது. அதுவே சமோசிர். அதனாற்றான் அத்தீவின் கிழக்குப்புறம் செங்குத்தாகவும் மேற்குப்புறம் சரிவாகவும் அமைந்துள்ளன. ஏரி மட்டத்திற்கு மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில், ஏரிச்சேறும் நீர்வாழ் நுண்பாசிகளின் ஓடுகளும் படிவங்களாகக் கிடக்கின்றன. இன்று ஆடுமாடு மேயும் புல்வெளி ஒருகாலத்தில் நீரடியாக இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அத்தீவின்மேல் சிடிகோனி முதலிய சிற்றேரிகளும் உள்ளன. ஏரிக்குள் தீவு, தீவுக்குள் ஏரி என்பது அங்கே காட்சியுண்மை.

சமோசிர் இயற்கையில் முழுத்தீவன்று என்பதும் குறிப்பிடத் தக்கது. மேற்கே பங்குருரான் அருகில் குறுகிய நிலத்துண்டு ஒன்று அதனைக் கரையோடு இணைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் அங்கே கால்வாய் வெட்டப்பட்டது. அதன் பின்னரே அது முழுத்தீவாயிற்று. அருகில் நிற்கும் பூசுக் புகித் மலையைப் பத்தாக் மக்கள் தம் முதல் முன்னோன் தோன்றிய திருவிடமாகப் போற்றுகின்றனர். அம்மலையடியில் வெந்நீர் ஊற்றுகள் இன்றும் கொதிக்கின்றன. கீழே நெருப்பு அணையவில்லை.

சாம்பலுக்குக் கீழும் மேலும்

தோபா உமிழ்ந்த சாம்பல் வங்கக் கடலையும் இந்திய நாட்டையும் கடந்து ஆப்பிரிக்கா வரை சென்றது. மலேசியாவில் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் அது படிந்துள்ளது. அங்குள்ள கோத்தா தம்பான் என்னுமிடத்தில் பழங்கற்காலத்தார் கல்லாயுதம் செய்த பட்டறை ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. அடைகல்லும் சுத்திக்கல்லும் சிதறிய சில்லும் இருந்தவாறே கிடந்தன. அவற்றோடு எரிமலைச் சாம்பலும் காணப்பட்டது. அச்சாம்பல் 31,000 ஆண்டுப் பழமையுடையது என்று முதலில் கருதினர். பின்னர் அது தோபாவின் பெருவெடிப்பைச் சார்ந்தது எனக் கொண்டு 74,000 ஆண்டு எனத் திருத்தினர். இப்பள்ளத்தாக்கு 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அதே சாம்பல் ஆந்திர நாட்டுக் கர்நூல் பகுதியில் ஜுவாலாபுரம் என்னும் ஊரில் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட கனத்திற் கிடக்கிறது. தோபாவுக்கும் அவ்வூருக்கும் இடையே ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தொலைவு. ஊர்ப்பெயரில் சுவாலை இருப்பது தற்செயலே ஆயினும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

இச்சாம்பலைக் கொண்டு ஒரு பெருங்கொள்கை எழுந்தது. வெடிப்பினால் வானம் மறைந்து, பல்லாண்டு குளிர் நீடித்து, மனித இனம் சில ஆயிரம் பேராகக் குறைந்து அழிவின் விளிம்பிற்கே சென்றது என்பது அது. 1998-இல் ஸ்டான்லி ஆம்பிரோஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை விரிவாக வெளியிட்டார். கேட்போர் நெஞ்சை ஈர்க்கும் கருத்தாதலின் அது விரைந்து பரவியது. இன்றும் பல நூல்களில் அது ஐயமற்ற உண்மை போல எழுதப்படுகிறது.

ஆனால் மண் வேறு சொல்லிற்று. மைக்கேல் பெட்ராக்லியா தலைமையில் ஜுவாலாபுரத்தில் ஆய்வு நடத்திய குழுவினர் தம் முடிவுகளை 2007-இல் வெளியிட்டனர். சாம்பலுக்குக் கீழே கல்லாயுதங்கள் இருந்தன. சாம்பலுக்கு மேலேயும் இருந்தன. இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன. வெடிப்பிற்குப் பின்னும் அங்கே மக்கள் முன்போலவே வாழ்ந்தனர் என்பது அதன் கருத்து. தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் 2018-இல் வெளியான ஆய்வும், நடு இந்தியாவின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2020-இல் வெளியான ஆய்வும் இவ்வாறே கூறின. துன்பம் நேரவில்லை என்பதன்று. தோபாவின் அண்மையில் வாழ்ந்த உயிர்கள் பிழைத்திருக்க வழியில்லை. ஆயினும் மனித இனமே மாய இருந்தது என்னும் கூற்றுக்கு இன்று வலுவில்லை.

இதில் வரலாறு கற்போர்க்கு ஒரு பாடம் உண்டு. ஒரு பெருநிகழ்ச்சியைக் கண்டால் அதன் பருமை மட்டும் கண்ணைக் கவரும். அதற்கு முன் யாது இருந்தது, அதற்குப் பின் யாது எஞ்சியது என்று கீழும் மேலும் நோக்கினாலன்றி உண்மை புலப்படாது. இம்முறையைத் தோபாக் கரையிலுள்ள தமிழர் தடத்திற்கும் பொருத்திக் காண்போம்.

மலாக்காவிற் பிறந்த அறிஞர்

மலைக்கு நடுவே பேரேரி ஒன்று உண்டு என்னும் செய்தி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் காதில் விழுந்திருந்தது. காண வல்லார்தாம் இலர். பத்தாக் மக்கள் தம் உள்நாட்டிற்குள் அயலாரை எளிதில் விடுவதில்லை. 1824-இல் பர்ட்டன், வார்டு என்னும் ஆங்கிலப் பாதிரிமார் இருவர் சிலிண்டோங் பள்ளத்தாக்கு வரை சென்றனர். ஏரியைக் காணாமலே திரும்பினர்.

அவ்வாண்டிலேதான், மலாக்கா இன்னும் ஒல்லாந்தர் கையில் இருந்தபோது, அந்நகரில் எர்மன் நியூபுரோனர் வான் டெர் தூக் பிறந்தார். பின்னர் அவர் ஒல்லாந்தில் மொழிநூல் கற்று, பைபிளைப் பத்தாக் மொழியில் பெயர்க்கும் பணியை ஏற்றுச் சுமத்திரா சென்றார். மேலைக்கரையிலுள்ள பாரூஸ் என்னும் சிறு துறைமுகத்தில் தங்கினார். ஊராரோடு பழகி, அவர்தம் கதைகளையும் மரப்பட்டை ஏடுகளையும் திரட்டினார். 1853-இல் மலையேறிச் சென்று தோபா ஏரியைக் கண்டார். அதனைக் கண்ட முதல் ஐரோப்பியர் அவரே என்பர். பத்தாக் மொழிக்கு அகராதியும் இலக்கணமும் செய்து புகழ்பெற்றார்.

வான் டெர் தூக் பாரூசைவிட்டு நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்தபின், 1873-இல், அவ்வூரை அடுத்த லோபு துவா என்னும் இடத்தில் உடைந்த கற்றூண் ஒன்று வெளிப்பட்டது. அதன்மேல் எழுத்துகள் இருந்தன. மொழியாராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்த அவ்வறிஞர் உலவிய மண்ணுக்கடியிலேயே அத்தூண் உறங்கியிருந்தது. அதிலிருந்த மொழி தமிழ்.

பாரூஸ் கல்வெட்டு

அக்கல்வெட்டைத் தெளிவுற ஆராய்ந்து 1932-இல் கட்டுரை வரைந்தவர் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். அண்மைக் காலத்தில் எ. சுப்பராயலு அதனை மீண்டும் படித்து மேலும் விளக்கினார். அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. அதனைப் பொறித்தவர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் புகழ்பெற்ற வணிகக் குழுவினர். ஊரின் பெயர் வாரோசு என்று வருகிறது. அவ்வூரில் வந்திறங்கும் மரக்கலத்தார் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாற் செலுத்த வேண்டிய இறையைப் பற்றி அது பேசுகிறது.

வணிகரை அவ்வூருக்கு ஈர்த்தது யாது? கர்ப்பூரமே. சுமத்திரா மலைக்காட்டு மரத்தின் நடுவே விளையும் கர்ப்பூரம் உலகெங்கும் பொன்னொப்ப மதிக்கப்பட்டது. மலாய் மொழியில் கர்ப்பூரத்திற்கு இன்றும் ‘காப்பூர் பாரூஸ்’ என்றே பெயர். தோட்டப்புறத்துக் கடையில் அப்பெயரைக் கேட்டு வாங்கும் தமிழ்ச் சிறுவனுக்கு, தான் ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொல்கிறோம் என்பது தெரியாது. கர்ப்பூரத்தோடு சாம்பிராணியும் அம்மலைநாட்டின் சரக்காகும். தோபாவுக்குத் தென்மேற்கேயுள்ள மேட்டுநிலத்தில் சாம்பிராணி மரங்களைக் கீறிப் பிசின் எடுக்கும் தொழில் இன்றும் நடைபெறுகிறது.

அக்கல்வெட்டில் சோழ மன்னன் பெயர் இல்லை என்பதே கருதத்தக்கது. அது பொறிக்கப்பட்ட காலத்தில் தஞ்சையையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் ஆண்டவன் முதற் குலோத்துங்கன். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், 1025-ஆம் ஆண்டளவில், இராசேந்திர சோழனின் கடற்படை சிரீவிசயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. அப்படை வென்ற ஊர்களுள் ஒன்றான பண்ணை, தோபாவுக்குத் தென்கிழக்கே பானே ஆற்றுப் பகுதியில் இருந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. இவற்றையெல்லாம் ஒன்றாக்கிச் சுமத்திரா முழுதும் சோழர் ஆண்டனர் என்று சிலர் மேடைகளில் முழங்குவர். கல்வெட்டு அவ்வாறு சொல்லவில்லை. படை வந்தது, மீண்டது. வணிகர் வந்தனர், தங்கினர். அரசன் ஆணையின்றித் தம் குழுவின் பெயராலேயே அவர்கள் கல் நாட்டினர். படை வென்ற பெருமையினும் இது குறைந்த பெருமையன்று.

லோபு துவாவில் 1995-ஆம் ஆண்டு தொடங்கிப் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர் நடத்திய அகழ்வுகள் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை அங்கே செழித்த குடியிருப்பு ஒன்றைக் காட்டின. அதன்பின் அது கைவிடப்பட்டது. ஆனால் கீழைக்கரையில், இன்றைய மேடானை அடுத்த கோத்தா சீனா என்னுமிடத்தில், வணிகம் தொடர்ந்தது. தென்னிந்தியச் சாயலுடைய புத்தர், திருமால், திருமகள் சிலைகள் அங்கே கிடைத்துள்ளன.

காரோ நாட்டுப் பெயர்கள்

மேலைக்கரைப் பாரூசுக்கும் கீழைக்கரைக் கோத்தா சீனாவுக்கும் இடையே, தோபாவின் வடகரையைத் தொட்டுக் கிடப்பது காரோ நாடு. காரோ மக்கள் ஐந்து பெருங்குலத்தவர். அவற்றுள் ஒன்று செம்பிரிங். ‘ம்பிரிங்’ என்னும் சொல்லுக்கு அவர்கள் மொழியில் கருமை என்று பொருள். அக்குலத்தின் உட்பிரிவுகளின் பெயர்களைக் கேட்கும் தமிழர் திகைப்பர்: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரமானா. சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளர், பிராமணர் என்னும் பெயர்களின் எதிரொலியே இவை என்று ஆய்வாளர் பலரும் கொள்வர்.

பெயரளவில் மட்டும் தடம் நிற்கவில்லை. செம்பிரிங் குலத்தாருள் ஒரு சாரார் முற்காலத்தில் இறந்தோரை எரித்து, அச்சாம்பலைச் சிறு படகுகளில் வைத்து லாவ் பியாங் ஆற்றில் விடும் சடங்கை நடத்திவந்தனர். அவ்வாறு மலையிலிருந்து இறங்கி, வம்பு எனப் பெயர் பெற்று, மலாக்கா நீரிணையிற் கலக்கிறது. நீத்தார் சாம்பல் கடலைச் சேர வேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதனை ஊகித்தல் கடினமன்று.

ஆயின் செம்பிரிங் குலத்தார் தமிழரா? இவ்வினாவை மாணாக்கர் எழுப்புவர். ஆம் என்று விடையிறுத்தல் எளிது; கேட்போர்க்கும் மகிழ்ச்சி தரும். எனினும் பெயர் வருவதற்கு வழிகள் பல. வணிகர் அங்கே மணம்புரிந்து குடியேறியிருக்கலாம். அவர்களோடு வாணிகம் செய்த மலைநாட்டார் அப்பெயர்களைச் சிறப்பாகக் கருதி ஏற்றிருக்கலாம். இரண்டும் கலந்திருக்கலாம். அவர்கள் பேசும் மொழி காரோ. அவர்களுடைய மணமுறையும் உறவுமுறையும் காரோ வழக்கே. இன்று அவருட் பெரும்பாலோர் கிறித்தவர். அவர்களைத் தமிழர் என்று உரிமை கொண்டாடுவது அவர்தம் எண்ணூறு ஆண்டு வாழ்வை மறைப்பதாகும். தமிழரோடு தொடர்பில்லாதார் என்று தள்ளுவது அப்பெயர்களை மறைப்பதாகும். உறுதியாகச் சொல்லத்தக்கது, தமிழகக் கரையிலிருந்து சென்றோர் அம்மலைநாட்டாரோடு நெருங்கிப் பழகினர், அப்பழக்கத்தின் அடையாளத்தை அம்மலைநாட்டார் தம் குலப்பெயராகவே காத்து வந்துள்ளனர் என்பதே.

எண்டிசையும் ஏழு நாளும்

தோபாப் பத்தாக் மக்கள் திசைகளை எட்டாகக் கொள்வர். அவற்றின் பெயர்கள் பூர்பா, அங்கோனி, டங்சினா, நரித்தி, பஸ்திமா, மனாபியா, ஒத்தாரா, இரிசன்னா என்பன. பூர்வம், ஆக்கினேயம், தட்சிணம், நிருதி, பச்சிமம், வாயவியம், உத்தரம், ஈசானியம் என்பவற்றோடு இவற்றை வைத்துப் பார்க்க உறவு தானே விளங்கும். கிழமைப் பெயர்களும் அவ்வாறே. அர்த்தியா ஆதித்தியன், சுமா சோமன், அங்காரா அங்காரகன், போரஸ்பதி பிருகஸ்பதி, சமிசாரா சனைச்சரன். மந்திரவாதிகள் அகில் மரப்பட்டையில் எழுதி மடித்து வைத்த ஏட்டிற்குப் புஸ்தகா என்று பெயர். ஏரிக்கரையை ஆண்டு, 1907-இல் ஒல்லாந்தரை எதிர்த்து உயிர்நீத்த கடைசி மன்னரின் பட்டப்பெயர் சிசிங்கமங்கராசா. அதனுள் சிங்கமும் மகாராசாவும் ஒளிந்துள்ளனர்.

இவை யாவும் வடமொழிச் சொற்கள். சாவகத்தின் வழியே வந்திருக்கலாம். சிரீவிசயத்தின் வழியே வந்திருக்கலாம். தென்னிந்திய வணிகர் நாவழியும் வந்திருக்கலாம். பத்தாக் எழுத்து பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தின் வழிவந்தது என்பது எழுத்தாராய்ச்சியாளர் முடிவு. இங்கும் கீழும் மேலும் நோக்கிய பின்னரே முடிவு கூறல் வேண்டும். தமிழ் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பாரூஸ் கல்வெட்டையும், தென்னிந்தியச் சார்பு தெளிவாக உள்ள குலப்பெயர்களையும், பொதுவாக இந்தியச் சார்புடைய இச்சொற்களையும் ஒரே குவியலாகக் கொட்டுதல் ஆராய்ச்சியாகாது.

பெயரும் மொழியும்

தோபாவிலிருந்து திரும்பும் வழியில் மேடானில் மற்றொரு படிவத்தைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் டெலிப் பகுதியில் புகையிலைத் தோட்டங்கள் எழுந்தபோது, மலாயாவிற்கு வந்தாற்போலவே அங்கும் தமிழ்த் தொழிலாளர் வந்தனர், சாலை அமைத்தனர், மாட்டுவண்டி ஓட்டினர். கம்போங் மட்ராஸ் பகுதியிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884-இல் எழுந்தது. ஐந்நூற்றுவர் கல் நாட்டி எண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் வந்த இரண்டாம் அலை இது. பொன் கொண்டு வந்தவர் முன்னவர். கைவலிமை கொண்டு வந்தவர் பின்னவர்.

மலாக்காவிலோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட படிவம் ஒன்று பத்து பெரண்டாமுக்கு அண்மையிலேயே உள்ளது. காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வந்த தென்னிந்திய வணிகர் வழியினர். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலை இன்றும் போற்றுகின்றனர். பிள்ளை, செட்டி என்னும் பெயர்களைக் காத்துள்ளனர். வீட்டில் அவர்கள் பேசும் மொழி மலாய். சமயம் நின்றது, பெயர் நின்றது, மொழி நிற்கவில்லை. காரோ நாட்டில் சமயமும் மாறியது. பெயர் மட்டும் நின்றது.

இவற்றை அடுத்தடுத்து வைத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். பெயர் கல்லைப் போன்றது. எத்தனை ஊழி நீரில் ஊறினும் கரையாது. மொழியோ நாள்தோறும் நாவில் புழங்கினாலன்றி வாழாது. அது தானே நிற்கும் என்று எண்ணிய இடமெல்லாம் கரைந்து போயிற்று. தோட்டப் பள்ளிகளிலும் நகரப் பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்குச் சோலியா, பாண்டியா என்னும் பெயர்கள் பெருமை தருவதோடு ஓர் எச்சரிக்கையும் தருகின்றன.

தோபா ஏரிக்கு வெளிவாயில் ஒன்றே. தென்கிழக்கே போர்சியா அருகில் அசகான் ஆறு புறப்படுகிறது. மலையினின்று பாய்ந்திறங்கும் அவ்வாற்றின் விசையால் மின்சாரம் எடுத்து, 1982 முதல் குவாலா தஞ்சோங்கில் அலுமினியம் உருக்குகின்றனர். அப்பால் அவ்வாறு தஞ்சோங் பாலாயில் மலாக்கா நீரிணையைச் சேர்கிறது. 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தோபாவை உலகப் புவிப்பூங்கா என ஏற்றது. தமிழ் மாணாக்கர்க்கு அது பூங்கா மட்டுமன்று. மலாக்காக் கரையில் நின்று கடலை நோக்கும் சிறுவனுக்கு, எதிர்க்கரை மலைமேலிருந்து ஏரிநீரும் முன்னோர் சாம்பலும் இறங்கி வந்து கலந்த கடல் இதுவே என்று ஆசிரியர் சொல்லலாம். அதில் எது சான்றுள்ளது, எது ஊகம் என்பதனையும் உடன் சொல்வாராயின், அச்சிறுவன் வரலாறு கற்றவனாவான். அதனைத் தமிழில் கேட்டானாயின், கல்வெட்டில் உள்ள மொழி கரையிலும் வாழும்.